வளைவாசலில் உடும்பு

மழைக்காலத்தில் வயல் எலி ஒன்று பெருச்சாளியிடம் பத்து நெற்கதிர் கடன் வாங்கியிருந்தது. தவணை தப்பியதும், பெருச்சாளி வசூலுக்கு அனுப்பிய உடும்பு எலியின் வளைவாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"அண்ணே, வெளியே நெல் விளைஞ்சு கிடக்கு. ஒரு நாள் வழிவிடுங்க. வட்டியோட பொறுக்கிட்டு வந்து கொடுத்துடுறேன்" என்றது எலி.

"வாங்கினதை வெச்சிட்டு வெளியே போ. இப்படிச் சொல்லி ஓடிப்போனவங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

"குஞ்சுங்க உள்ளேதானே இருக்கு? அதுங்களை விட்டுட்டு எங்கே ஓடுவேன்?"

உடும்பு அசையவில்லை. மூன்று நாளும் எலி கெஞ்சியது. மூன்று நாளும் வெளியே கதிர் அறுக்கும் சத்தம் கேட்டது.

கடைசி நெற்கட்டும் வண்டியேறிப் போன பிறகு, உடும்பு எழுந்து சோம்பல் முறித்தது.

"சரி, உன்னைப் பார்த்தாலும் பாவமாத்தான் இருக்கு. ஒரு நாள் தவணை தர்றேன். போய்ப் பொறுக்கிட்டு வா."