தானாகச் சுழியும் வால்

பேனர் கம்பெனியின் தலைமை ஓவியருக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. அவர் கையெழுத்தின் வளைவு நெளிவெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறி, ஃபான்ட்டாகிவிட்டது.

"கத்துக்குட்டி தட்டினாலும் என் எழுத்துதான் வரும் சார். பேரோட கடைசி எழுத்துல நான் இழுக்கற வாலைக்கூட அதுவே சுழிச்சுக்கும். இந்தக் கலை ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் வாய்க்கும்."

"முதலாளியும் அசந்துட்டாரு," என்றார் மேனேஜர். "அதுலயே ஒரு பிரிவு உபசார பேனர் பண்ணுங்க. பேரை அப்புறம் சொல்றேன்."

"எந்த அப்பாவி தலை சார் உருளுது? அக்கவுன்டன்ட்டா? அவருக்கு ஏற்கெனவே வால் நீளம்."

மேனேஜர் சிரிக்கவில்லை.

மாலைக்குள் பேனர் கம்ப்யூட்டரில் தயார். பூக்கொடி போல 'சென்று வருக' என்று வளைந்து கிடந்தது. அதன் கீழே பெயருக்கு மட்டும் இடம் காலி.

"பேரைச் சொல்லுங்க சார், முடிச்சிடலாம்."

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஓவியரின் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் தட்டினார்.

திரையில் விழுந்தது ஓவியரின் பெயர்.

"ஃபான்ட் இருக்கறப்ப ஆள் எதுக்குன்னு முதலாளி கேட்டுட்டாருங்க."

ஓவியர் திரைப் பக்கம் திரும்பினார். பெயரின் கடைசி எழுத்தில் வால், அவர் சொன்னபடியே, தானாக அழகாகச் சுழித்துக்கொண்டது.