நடுவில் ஒரு சிவப்பு

"பார்த்து வாங்க தம்பி, காலைக் கீலை வெட்டிக்காதீங்க!"

ஏணி மேலிருந்தே கத்தினாள் சிற்பி. வந்தவர், போன வருஷம் இறந்துபோன அவள் கணவரோடு கண்ணாடிக் கடையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். கையில் ஒரு மரப்பெட்டி.

"கடையை இடம் மாத்துறோம் அண்ணி. அண்ணனோட அலமாரியில இது இருந்துச்சு."

"அப்படி வைங்க. முதல்ல இதைப் பாருங்க" என்று இறங்கி வந்து சுவிட்சைப் போட்டாள்.

கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கிய உடைந்த கண்ணாடிகள் ஒளிர்ந்தன. சுவரெல்லாம் பச்சையும் நீலமும். நடுவில் மட்டும் வெற்றிடம்.

"எல்லாம் உங்க அண்ணன் உடைச்சது. அந்தப் பச்சை, கல்யாணமான மறுவாரமே போட்டு உடைச்ச தண்ணிக் குடுவை. இந்த நீலம், அவங்கம்மா ஆசையா குடுத்த பூ ஜாடி. அதைக்கூட மனுஷன் விட்டு வைக்கல! நான் திட்டத் திட்ட, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பார். இந்தக் கையை வச்சுக்கிட்டுக் கண்ணாடிக் கடையில எப்படித்தான் குப்பை கொட்டினாரோ!"

வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பேச்சை மாற்றினார். "நடுவுல ஏன் காலியா இருக்கு?"

"அங்க ஒரு சிவப்பு வரணும். இதுக்குப் படம் வரைஞ்ச அன்னைக்கே அவர்கிட்ட சொன்னேன். நாளைக்குக் கண்காட்சி, இன்னும் கிடைக்கல. அது இல்லாம இது முழுசாகாது."

"ஒண்ணு வாங்கி உடைச்சாப் போச்சு!"

"சேச்சே! நல்லா இருக்கறதை உடைக்க எனக்கு மனசு வராது. தானா விழுந்து உடைஞ்சதைத்தான் எடுப்பேன். அது அவருக்கும் தெரியும்." நடுவிலிருந்த வெற்றிடத்தை அண்ணாந்து பார்த்தாள். "அவர் போனதுல இருந்து இந்த வீட்டுல ஒண்ணுமே உடையல தம்பி. திட்டறதுக்குக்கூட ஆளில்லாமப் போச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அது கிடக்கட்டும், கடையில எத்தனை உடைச்சார்? மறைக்காமச் சொல்லுங்க."

"ஒண்ணுகூட இல்ல அண்ணி."

"என்னது?"

"இருபது வருஷத்துல அவர் கையில இருந்து ஒரு சில்லு கீழே விழுந்து நான் பார்த்ததில்ல."

அவர் பெட்டியைத் திறந்தார். பழைய துண்டில் பத்திரமாகச் சுற்றிய, கீறல்கூட விழாத ஒரு சிவப்புக் கண்ணாடி ஜாடி.

"கடைசியா வாங்கி வச்சது. 'எப்பண்ணே வீட்டுக்குக் கொண்டு போவீங்க?'ன்னு கேட்டேன். 'அவசரப்படாதேடா, போன வாரம்தானே கை தவறுச்சு? உடனே இன்னொண்ணு தவறினா அவளுக்குச் சந்தேகம் வந்துடும்'னு சிரிச்சார்."