பத்தாவது தொப்புள்

மாதத்தில் மூன்று நாள் செண்பகவல்லிக்குத் தொப்புளில் ரத்தம் கசியும். கோவில்பட்டி ஜவுளிக்கடையில் புடவைகளைத் தன்மேல் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. போன மாதம் இரண்டு பட்டுப்புடவைகளில் கறை பட்டுவிட்டது. “இன்னொரு தடவை பட்டுச்சுன்னா வேலைக்கு வராதம்மா” என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி இயந்திரம் நொடியில் நோயைக் கண்டுபிடித்திருந்தது. கருப்பைக்குள் இருக்கவேண்டிய திசு தொப்புளில் முளைத்திருக்கிறதாம். அரை மணி நேர ஆபரேஷன்தான். ஆனால் மாநிலத்தில் இதே நோய் உள்ளவர்கள் பத்துப் பேராவது சேர்ந்தால்தான் இயந்திரம் அனுமதி தரும். அது தராமல் எந்த டாக்டரும் கத்தியைத் தொடக்கூடாது. இரண்டு வருடமாக, அவளையும் சேர்த்து ஒன்பது பேர்தான்.

இன்னும் ஒருத்திக்கு வரட்டும் என்று செண்பகவல்லி வேண்டாத சாமியில்லை. வேண்டிவிட்டுக் கன்னத்திலும் போட்டுக்கொள்வாள்.

இன்று காலை நர்ஸ் ஜெசிந்தா போன் செய்தாள். “யக்கா, ஆள் கிடைச்சாச்சு! திண்டுக்கல்ல ஒரு காலேஜ் பிள்ளை. உடனே வாங்க.”

செண்பகவல்லி கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினாள். இயந்திரத்தின் முன் வயிற்றைக் காட்டி நின்றாள். ‘நோயாளிகள் ஒன்பது பேர். காத்திருக்கவும்’ என்றது திரை.

“பத்துன்னு சொன்னியே பிள்ள?”

ஜெசிந்தா திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். “வேலூர்ல ஒரு அம்மாவுக்கு மாசாமாசம் வர்றதே நின்னுபோச்சாம். அது நின்னா இதுவும் நின்னுரும்லா? பேரை எடுத்துட்டாங்க.” பிறகு மெதுவாகக் கேட்டாள். “உங்களுக்கு என்ன வயசுக்கா?”

“முப்பத்தாறு.”

“அப்ப ஒரு பதினஞ்சு வருஷம் பொறுத்தாப் போதும், தானா சரியாயிரும்.”

அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதைவிட நல்ல சேதி அவளிடமும் இல்லை.