பெட்டி கட்டத் தெரியுமா?

எதிரே மூன்று பேர். நடுவில் இருந்த கண்ணாடிக்காரர், சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல உட்கார்ந்திருந்தார். போதாக்குறைக்கு அடிக்கடி செல்போனை வேறு பார்த்தார். முதலாளி என்றால் எல்லா ஊரிலும் ஒரே அச்சுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள், மேனேஜர் வேலைக்கான இன்டர்வியூவுக்கு வந்தவள்.

"உங்க கீழ வேலை பாக்கிறவர், பையனுக்குக் காய்ச்சல்னு லீவு கேக்கிறாரு. அன்னைக்கே லாரியில சரக்கு ஏத்தியாகணும். என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் அவர்.

"முதல்ல அவரை வீட்டுக்கு அனுப்புவேன் சார்."

"அப்போ பெட்டி யாரு கட்டுறது?"

"நான் கட்டுவேன்."

"கட்டத் தெரியுமா?" என்று மடக்கினாள், ஓரத்தில் இருந்த பெண்மணி.

"தெரியாது மேடம். தெரிஞ்சவங்ககிட்ட கத்துக்குவேன்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போச்சு, உளறிக் கொட்டிவிட்டோம் என்று அவள் கைப்பையை எடுத்தாள்.

"எங்க கிளம்புறீங்க? வேலை உங்களுக்குத்தான்" என்றார் கண்ணாடிக்காரர்.

"ரொம்ப நன்றி சார்! நீங்கதானே முதலாளி?"

பெண்மணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"முதலாளி வெளியில உக்காந்து நகத்தைக் கடிச்சிட்டிருக்காரு, நாங்க என்ன சொல்லப்போறோமோன்னு! நாங்க பேக்கிங் ஆளுங்க. இங்க எங்க மேனேஜரை நாங்கதான் தேர்ந்தெடுப்போம்."

கண்ணாடிக்காரர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"மேடம்... என் பையனுக்குக் காய்ச்சல் இன்னும் குறையலையாம். ஆனா, இப்போ லாரி வந்துடும்..."

"நீங்க முதல்ல கிளம்புங்க" என்றவள், துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு பெண்மணியிடம் திரும்பினாள்.

"அக்கா, டேப் எங்க இருக்கு?"