நனைந்த பிரேக்

"தேங்கின தண்ணியில போனா கார் பிரேக் பிடிக்காதா?" ஒர்க்‌ஷாப்பில் நுழைந்ததுமே கேட்டாள் அவள்.

"நனைஞ்சிருந்தா உடனே பிடிக்காதும்மா. மெல்ல அமுக்கிக்கிட்டே கொஞ்ச தூரம் ஓட்டினா காஞ்சிரும்," என்றார் மெக்கானிக்.

"மறுநாள் ஓட்டிப் பார்த்தா?"

"சரியாத்தான் இருக்கும். எதுக்கும் வண்டியக் கொண்டாங்க, பார்த்துடலாம்."

"வண்டி என் தம்பியோடதுங்க. எங்களோட சண்டை போட்டுட்டுப் போனவன், மழையில திரும்பி வந்து எங்க வீட்டு கேட்ல மோதிட்டான். பிரேக் பிடிக்கலன்னான். மறுநாள் என் வீட்டுக்காரர் ஓட்டிப் பார்த்தார், நல்லாவே பிடிச்சுது. வேணும்னே மோதிட்டான்னு பேச்சையே நிறுத்திட்டோம்."

வெளியே வந்து தம்பியை போனில் அழைத்தாள்.

"அன்னிக்கு சமாதானம் பேசத்தானே வந்தே?"



"ஆமாக்கா," என்றான்.