ஏறி இறங்கும் எண்

புயல் ஓய்ந்த மறுநாள் மத்தியானமும் கொட்டிவாக்கம் குப்பத்துக்குக் கரண்ட் வந்தபாடில்லை. ஷூட்டிங் கேரவன் ஒன்று மரியசெல்வத்தின் வாசலில் நிற்கிறது. அதன் இன்வர்ட்டரிலிருந்து மஞ்சள் வயர் ஒன்று ஜன்னல் வழியே உள்ளே போய், அவர் உடல் கிடக்கும் ஐஸ் பெட்டியில் முடிகிறது. துபாயிலிருந்து மகள் ஜெனிதா வரும்வரை பெட்டி ஓடியாக வேண்டும். கம்பெனிக்குச் சொல்லாமல் வண்டியைக் கொண்டுவந்த டிரைவர் ஏசுராஜ், ஏசியை, மேக்கப் கண்ணாடி பல்புகளை எல்லாம் அணைத்துவிட்டு, பவுடர் வாசனை அடிக்கும் இருட்டில், இன்வர்ட்டரிலிருந்து எத்தனை வாட் போகிறது என்று காட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பெட்டியின் மோட்டார் உறுமினால் எண் முந்நூறுக்கு ஏறுகிறது. ஓய்ந்தால் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. தூங்குகிறவர் நெஞ்சு மாதிரி. “பேட்டரி தாங்குமாடா ஏசு? ஜெனிதா கிண்டி தாண்டி வந்துகினு கீறாளாம்,” என்கிறாள் மரியசெல்வத்தின் மனைவி பிலோமினா, வண்டிப் படியைப் பிடித்தபடி. “தாங்கும் அத்த.” தாங்குகிறது. மகள் வந்து முகத்தைப் பார்த்து அலறுகிறாள். அவரைத் தூக்கிச் சவப்பெட்டியில் வைக்கிறார்கள். ஏசுராஜ் பிளக்கைப் பிடுங்கி, வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே வண்டிக்குள் ஏறுகிறான். பிளக் அவன் கையில் இருக்கிறது. மீட்டரில் எண் முந்நூறுக்கு ஏறுகிறது. மெல்ல இறங்குகிறது. மறுபடியும் ஏறுகிறது.