வேண்டாம்னு சொல்லிட்டா

"தூங்குமூஞ்சி எழுந்தாச்சா, அண்ணி?"

நாத்தனார் எப்போதும் இப்படித்தான். கேள்வி முதலில் வரும், ஆள் பின்னால் வருவாள்.

தையல் மெஷினில் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த அண்ணி தலை நிமிரவில்லை.

"எழுந்தாச்சு. குளிச்சுகூட ஆச்சு."

குரலில் இருந்த பெருமையைக் கேட்டு நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது.

"இருபத்திரண்டு வயசுப் பிள்ளை குளிச்சதுக்குப் பெருமைப்படற ஒரே அம்மா நீங்கதான்."

"குளிக்கிறதே அவனுக்கு மலை ஏறுற மாதிரி. எத்தனை தடவை சொல்றது உனக்கு? இது சோம்பல் இல்லம்மா, நோய். மனச்சோர்வுன்னு டாக்டர் சொல்லி, மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கான்."

"நமக்கெல்லாம் வராத சோர்வு. வேலை இருந்தா சோர்வு எங்கேருந்து வரும்?"

உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. நாத்தனார் குரலைக் குறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

"செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க. என் பெரியவளைப் பாருங்க."

கையிலிருந்த பெரிய பையைத் துணி வெட்டும் மேஜையில் வைத்தாள்.

"எல்லாம் அவளோட துணி. எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டா. அளவு குறைச்சுக் குடுங்க, சின்னவ போட்டுக்கட்டும். காலேஜ் போற வயசுல எந்தப் பொண்ணுக்கு இப்படி மனசு வரும்?"

அண்ணி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். எல்லாம் இஸ்திரி போட்டு மடித்திருந்தது. அடியில் ஒரு மஞ்சள் ஜெர்சி, பாட்மின்டன் டீமில் ஆடும்போது அந்தப் பெண் போட்டுக்கொள்வது.

"இதுவுமா? இதைத் துவைக்கக்கூட உன்கிட்ட குடுக்க மாட்டாளே."

"விளையாட்டையே விட்டாச்சு அண்ணி. ராக்கெட்டையும் யாருக்கோ குடுத்துட்டா. புஸ்தகமும் கையுமா ரூமுக்குள்ளேயே இருக்கா. ஃப்ரெண்ட்ஸ் வந்து கூப்பிட்டாலும் போறதில்ல. விடியறதுக்கு முன்னாடியே முழிச்சுக்கறா. சாப்பாட்டுல ஒரு குறை சொல்றதில்ல, ரெண்டு வாய் போதும்ங்கறா. எதிர்த்து ஒரு பேச்சு கிடையாது."

மெஷின் நின்றது.

"நேத்து என்ன சொன்னா தெரியுமா? 'எனக்குச் செலவு பண்றதெல்லாம் வீண்மா, சின்னவளுக்குச் சேர்த்து வை'ங்கறா. எவ்வளவு பொறுப்பு பாருங்க."

அண்ணி உள்ளறைப் பக்கம் திரும்பினாள். உள்ளறை வாசலில் அவள் மகன் நின்றுகொண்டிருந்தான். ஈரத் தலை, கசங்கிய சட்டை.

"அடடே, துரை வெளியே வந்துட்டாரே," என்றாள் நாத்தனார்.

அவன் அத்தையைப் பார்க்கவில்லை. ஜெர்சியைப் பார்த்தான்.

"அம்மா, போன வருஷம் என் சைக்கிளை எதிர்வீட்டுக்குக் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? என் பிள்ளைக்கு எவ்வளவு தாராள மனசுன்னு தெரு முழுக்கச் சொன்னேன்." அவள் குரல் இறங்கியது. "மறுவாரம் உன்னை ஆஸ்பத்திரியில பார்த்தேன்."

"அத்தை, அவ இப்ப வீட்ல தனியா இருக்காளா?"

"ஆமா. தொந்தரவு இல்லாம படிக்கட்டும்னுதான் சின்னவளை டான்ஸ் கிளாஸ்ல விட்டுட்டு வந்தேன். ஏன்டா?"

அவன் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தான். வெகுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"நான்தான், தூங்குமூஞ்சி. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

"டேய், என்ன பேச்சு இது?" நாத்தனார் பாய்ந்தாள். அண்ணி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

போனில் ஒரு விம்மல். பிறகு, நிற்காத அழுகை. நாத்தனார் நின்ற இடம் வரை அது கேட்டது.

"அழு. எனக்கும் தோணிச்சு. போனை மட்டும் வைக்காதே. பேச வேண்டாம், அழுதுட்டே போய் வாசக்கதவைத் திறந்து வை. நான் வந்துட்டே இருக்கேன்."

செருப்பைத் தேடினான். தனியாக வெளியே போய் மாதக்கணக்காகிவிட்டதால், எங்கே கிடக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல், தெருவில் இறங்கி ஓடினான்.

"அவனுக்கு என்ன ஆச்சு, அண்ணி?"

"அவனுக்கு ஒண்ணுமில்ல. வா, நாமும் போகலாம்."

பின்னால் ஓடினாலும் மகனை எட்டிப் பிடிக்க முடியவில்லை. அவ்வளவு பதற்றத்திலும் அண்ணிக்கு அது பெருமையாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து நாத்தனார் மறுபடியும் வந்தாள். இந்த முறை ஆள் முதலில் வந்தாள். பேச்சு வரத்தான் நேரமானது.

"என் மருமகன் இருக்கானா?"

"உள்ளேதான் இருக்கான்."

"அந்தப் பை… பிரிச்சுத் தைச்சுட்டீங்களா?"

"ஒரு தையல்கூடப் பிரிக்கல. எப்பவாவது உன் பொண்ணு கேப்பான்னு அப்படியே வச்சிருக்கேன்."

"கேட்டுட்டா, அண்ணி. 'யாரைக் கேட்டு என் ஜெர்சியை எடுத்துட்டுப் போனே?'ன்னு காலையில என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டா. வாய்க்கு வந்தபடி திட்டு."

மகள் பள்ளியில் முதலாவதாக வந்த நாளில்கூட நாத்தனாரின் முகம் இப்படி மலர்ந்து அண்ணி பார்த்ததில்லை.

பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறைப் பக்கம் திரும்பினாள் நாத்தனார். கதவுக்கு உள்ளே இருப்பவனுக்குக் கேட்க வேண்டும் என்று, அன்றைக்குப் போலவே குரலைக் கூட்டினாள்.

"அதுவும், தானா எழுந்து குளிச்சுட்டு வந்து திட்டினா."